காற்றைவிட மெதுவாக

ஜூன் 9, திங்கள்

இன்று கதிர்வீச்சு தொடங்கியது. ஐந்து வாரம், சனி ஞாயிறு போக, தினமும் நாகர்கோவில். நடுவில் நாள் விடக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். ரத்த அணுக்கள் இன்னும் குறைவாக இருப்பதால் கூட்டத்தில் போக வேண்டாம் என்றும் சொன்னார். ஆகவே பஸ் இல்லை. ஐந்து வாரத்துக்கு வாடகைக் கார் எங்களுக்கு எட்டாது.

இருப்பது அம்மாவின் குட்டி மின்சாரக் கார். அவள் பள்ளியில் தலைமையாசிரியை ஓய்வு பெற்று மகனிடம் போனபோது உடற்பயிற்சி ஆசிரியையான அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போனது. பழைய மாதிரி. இப்போதைய சார்ஜிங் நிலையங்களின் பிளக் அதற்குப் பொருந்தாது. வீட்டு பிளக்கில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். வள்ளியூருக்குள் பள்ளி, கோயில், கடை என்று சுற்ற அது போதுமாக இருந்தது. நாகர்கோவில் போய்த் திரும்புவது அது வாழ்நாளில் செய்யாத காரியம்.

திரும்பி வீட்டு வாசலுக்கு வந்தபோது பேட்டரி காட்டும் பத்துக் கட்டத்தில் ஒன்று மிச்சம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தது சில நிமிடம்தான். வலி இல்லை. படுத்திருப்பவர் பார்ப்பதற்காகக் கூரையில் மேகங்கள் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மேகத்தின் மூலை உரிந்து தொங்குகிறது. யாரோ இதையும் யோசித்திருக்கிறார்கள் என்று நன்றியாக இருந்தது.

ஜூன் 11, புதன்

ஆனி பிறக்கும் முன்பே காற்று வந்துவிட்டது. காவல்கிணறு தாண்டியதும் காற்றாலைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துச் சுற்றின. முப்பந்தலில் கார் முக்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வரும் காற்று நேராக எங்கள் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோதே சார்ஜ் பாதிக்குமேல் போய்விட்டது.

திரும்பும்போது பணகுடிக்கு இப்பால் கார் நின்றுவிட்டது. எங்கள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வின் அண்ணனை அம்மா போனில் கூப்பிட்டாள். அவர் போர்டு ஏற்றும் லோடு ஆட்டோவோடு வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுவந்து வீட்டில் விட்டார். வழியெல்லாம் அம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 12, வியாழன்

காலையில் சார்ஜ் முழுதாக ஏறவில்லை. ஏறும்வரை காத்திருந்து தாமதமாகப் போனோம். மெஷினில் இருக்கும் பெண் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு எனக்காக இருந்தார். நன்றி சொன்னதற்கு, "நாளைக்கும் லேட்டானா டாக்டர் திட்டுவாரு, நான் இல்ல," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளக் தர முடியுமா என்று அம்மா கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்களாம். நியாயம்தான்.

ஜூன் 13, வெள்ளி

மெய்ப்புத் திருத்த வேண்டிய பக்கங்கள் மேசையில் கிடக்கின்றன. பதிப்பகத்தார் அவசரமில்லை என்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்கிறவர்களே அல்ல.

அவற்றைப் படிக்காமல் காற்றைப் பற்றிப் படித்தேன். வேகமாகப் போகும் கார் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கத்தான் போகிறது. எதிர்க்காற்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காரின் முகம் காற்றில் மோதுவதைவிட, பின்னால் வெட்டினாற்போல் முடியும் முதுகுதான் அதிகம் கெடுக்கிறது. அங்கே காற்று ஒழுங்காகப் பிரிய முடியாமல் சுழன்று காரைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. எங்கெங்கோ மனிதர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையில் அட்டையையும் பிளாஸ்டிக்கையும் வைத்துக் காருக்கு வால் கட்டியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு மூடி, அடிவயிற்றுக்குத் துணி. படம் படமாகப் போட்டிருக்கிறார்கள்.

வெகு நாளுக்குப் பிறகு ஒன்றை முழுதாக வாசித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

முதலில் காற்று எங்கே கெடுகிறது என்று பார்க்க வேண்டும். காரின் மேலெல்லாம் விரல் நீளச் சிவப்புக் கம்பளி நூல்களை டேப் வைத்து ஒட்ட வேண்டும். ஓடும்போது நூல் படிந்து கிடந்தால் அங்கே காற்று ஒழுங்கு, துடித்தால் ஒழுங்கில்லை. கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அம்மாவும் நானும் ஒட்டினோம். என்னால் இடது கையை உயரத் தூக்க முடியவில்லை. கூரையை அம்மா பார்த்துக்கொண்டாள்.

தெருவில் போனவர்கள் எல்லாரும் கல்யாணக் காரா என்று கேட்டார்கள். ஒரு அம்மாள், என்ன வேண்டுதல், எந்த நேர்ச்சைக்கு என்றார். அம்மா யோசிக்காமல், "இவளுக்குத்தான்," என்றாள்.

அம்மா ஓட்ட, செல்வின் அண்ணனின் கடைப் பையன் பைக் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து போனில் படம் பிடித்தார். முகத்திலும் கூரையிலும் நூல்கள் வாரிவிட்ட தலைமுடிபோல் படிந்திருக்கின்றன. பின்கதவில் உள்ளவை எல்லாம் பேய் பிடித்து ஆடுகின்றன. சக்கரங்களைச் சுற்றியும் அப்படியே. மூன்று பேரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். காற்றைக் கண்ணால் பார்த்தது இதுவே முதல் தடவை.

கீமோவில் கொட்டிய என் முடி இன்னும் வளரவில்லை. நூலை வைத்துத்தான் பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு கட்டத்தோடு வீடு வந்தோம். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் என்று அம்மாவிடம் சொன்னேன். போகும்போது கேட்கிறாள். திரும்பும்போது கேட்பதில்லை. நான் சீக்கிரம் வந்து படுக்க வேண்டுமாம்.

ஜூன் 18, புதன்

தோல் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. பருத்தித் துணி மட்டும் போடச் சொன்னார்கள்.

ஜூன் 21, சனி

செல்வின் அண்ணன் கடையில் திரும்ப வந்த போர்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. அட்டைபோல நெளியும் பிளாஸ்டிக் ஷீட், மெல்லிய சட்டம், பழைய ஃபிளெக்ஸ் துணி எல்லாம் அங்கே உண்டு. எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்ததெல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணின் வரவேற்பு போர்டு. பெண்ணின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டதால் அவர்கள் வாங்காமல் போனது. மெய்ப்புப் பார்க்கிறவள் நான். இந்தப் பிழைக்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

முன்னால் காற்று நுழையும் ஓட்டைகளை மூடினோம். மின்சாரக் காருக்கு அவ்வளவு காற்றோட்டம் தேவையில்லை. அடிவயிற்றில் ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டினோம். சக்கரத்துக்கு வட்டமான மூடிதான் கிடைக்கவில்லை. செல்வின் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கோயில் அசனத்துக்குக் குழம்பு வைக்கும் சட்டிகளின் அலுமினிய மூடிகளில் நாலைக் கொண்டுவந்தார். அளவெடுத்துச் செய்தாற்போல் இருந்தன. ஒவ்வொன்றிலும் கோயில் பெயர் வெட்டியிருக்கிறது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த அசனம் ஆடி கழிந்துதான் வருகிறது. அதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார்.

"கமிட்டில கேட்டா என்னண்ணே சொல்லுவீங்க?"

"ஆண்டவர் காரியமா நாகர்கோவில் போயிருக்குன்னு சொல்லுவேன். பொய்யா?"

கடைசியில் வால். பின்கதவோடு சேர்த்து, கூரைச் சரிவைத் தொடர்ந்து, ஒரு முழத்துக்குமேல் நீண்டு குறுகுகிறது. கழற்றி மாட்டலாம். வழவழப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதால் மாப்பிள்ளையின் பாதி முகமும் "வருக வருக" என்பதும் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

செல்வின் அண்ணன் தள்ளி நின்று பார்த்தார். "டீச்சர், முன்னால பாத்தா தவளை. பின்னால பாத்தா மூஞ்சூறு. நடுவுலதான் கார் இருக்கு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 23, திங்கள்

இரண்டு கட்டம் மிச்சம். முன்பு ஒன்று. அவ்வளவுதானா?

ஜூன் 24, செவ்வாய்

காற்று கூடிவிட்டது. திரும்ப ஒரே கட்டம். வீட்டு வாசலில் அதுவும் மினுக்கியது. இவ்வளவையும் கட்டி, வெட்டி, ஒட்டி, கோயில் சட்டி மூடிவரை திருடி, பழைய இடத்துக்கே வந்திருக்கிறோம். ஆனி முழுக்க இன்னும் கூடும்.

பசி இல்லை. சாப்பிடவில்லை. வெட்டி மிஞ்சிய ஷீட்டுகளைக் கட்டிக் கொல்லையில் வைத்துவிட்டேன். அம்மா கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 26, வியாழன்

நான்கு கட்டம்! நேற்று மூன்றரை இருந்தபோது ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இன்று நான்கு.

யோசித்துப் பார்த்தால், டேப் நன்றாக ஒட்டி, வால் இப்போதுதான் அசையாமல் நிற்கிறது. அது காரணமாக இருக்கலாம். கொல்லையில் வைத்ததை மறுபடி எடுத்துவந்தேன். பின்சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் பாவாடைபோல ஒரு மறைப்பு வைத்தால் இன்னும் கூடும்.

ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டேன். "உன் வாலுதாம்ட்டி," என்று அம்மா நான்காவதை வைத்தாள்.

ஜூன் 27, வெள்ளி

அம்மா புது ஜாக்கெட் போட்டிருந்தாள், சாம்பல் நிறம். நான் உள்ளே காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு தையல்காரியிடம் கொடுத்தாளாம். அம்மா தனக்கென்று ஒன்று தைத்து எத்தனை காலமாயிற்று. சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 30, திங்கள்

முப்பந்தலில் ஒரு சக்கர மூடி கழன்று, எங்களை முந்திக்கொண்டு உருண்டு, சாலையைக் கடந்து போய்விட்டது. நிறுத்தித் தேட நேரமில்லை. மாலையில் திரும்பும்போது ஒரு டீக்கடையில் அது பஜ்ஜிச் சட்டியை மூடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கோயில் பெயரைப் படித்துக் காட்டி, இந்தச் சபைக்காரர்கள் யாராவது வருவார்கள் என்று வைத்திருந்ததாகச் சொன்னார். பஜ்ஜியும் கொடுத்தார். எனக்கு எண்ணெய் ஆகாது. அம்மா எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

இன்றும் நான்கு கட்டம். அம்மாவின் இரண்டாவது புது ஜாக்கெட்.

ஜூலை 2, புதன்

வெறும் மஞ்சள் வெயில், காற்று, தூசி. விழுங்கக் கொஞ்சம் சிரமம். எனக்கு அடுத்து மெஷினுக்குப் போகும் ஆச்சி எனக்கு ஒரு கல்கண்டு தந்தார்.

ஜூலை 3, வியாழன்

பாவாடை மறைப்பு ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் டேப் எடுப்பதற்காகக் காரின் பின்னால் ஸ்டெப்னிக்கு மேலிருக்கும் விரிப்பைத் தூக்கினேன். அங்கே எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் ஒயர், நீளமானது, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் போடுவது. வளையமாகச் சுற்றி வைத்திருந்தது. அதில் நூல்கள் சிக்கியிருந்தன.

நான் காரில் ஒட்டியது சிவப்புக் கம்பளி. இவை மயில்நீலத் தையல் நூல். இன்று அம்மா போட்டிருந்த மூன்றாவது புது ஜாக்கெட் மயில்நீலம்.

அப்படியென்றால் நான் உள்ளே காத்திருக்கும் நேரமெல்லாம் கார் அந்தத் தையல்காரியின் வீட்டில் சார்ஜ் ஆகிறது. கேட்டு வாங்கியிருக்கிறாள். யாரிடமும் எதுவும் கேட்கத் தெரியாதவள், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று பிளக் கேட்டிருக்கிறாள். தந்தவருக்குக் கைம்மாறாக, வேண்டாத ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். எப்போதிருந்து என்று எனக்குத் தெரிகிறது. நான் சாப்பிடாமல் படுத்த செவ்வாய்க்கு மறுநாளிலிருந்து.

ஒயரை இருந்ததுபோலவே சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி, "எத்தனை கட்டம்ட்டி?" என்று அம்மா கேட்டாள். நான்கு என்றேன்.

"நீ என்ன சொல்லு, அந்த வாலு வாலுதான்."

ஆமாம் என்றேன். தோசை சாப்பிட்டேன்.

ஜூலை 5, சனி

பாவாடை மறைப்பைப் புதிதாக வெட்டினேன். தேவையில்லைதான் என்று ஒரு நேரம் தோன்றியது. பிறகும் வெட்டினேன். அம்மா கத்தரிக்கோல் பிடித்தாள். எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவ்வளவு கவனமாகக் கேட்டாள்.

ஜூலை 9, புதன்

கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

கடைசி வாரம். இந்த வருடத்தின் பெரிய காற்று இன்றுதான் என்று நினைக்கிறேன். போகும்போது லாரிகளே ஆடின. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது நான்கு கட்டத்துக்கும் குறைவு. திரும்பிப் போகவே நான்கு வேண்டும். சரி, தையல்காரி இருக்கிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

காத்திருக்கும் இடத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று மின்தடை உள்ள இடங்கள் என்று போட்டிருந்தது. இந்தப் பகுதியின் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் உண்டு. பின்தெருவுக்கு இல்லை.

வெளியே வந்தபோது அம்மா காரில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கே விட்டிருந்தாய் என்று வழக்கம்போல் கேட்டேன். நிழலில் விட்டேன் என்றாள். கட்டத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காததுபோல் இருந்தேன். இன்று வழியில் நின்று, ராத்திரி சார்ஜ் போட முடியாமல் போனால், கடைசி இரண்டு நாளும் போச்சு.

தோவாளை தாண்டினோம். ஆரல்வாய்மொழிக்கு முன்னால் எல்லா வண்டியும் ஊர்ந்தன. முன்னால் ஒரு நீளமான டிரெய்லர், காற்றாலையின் ஒற்றை இறக்கையை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போனது. அம்மா எட்டிப் பார்த்து, முந்த இடம் தேடினாள்.

காரின் முகப்பில், கண்ணாடிக்குக் கீழே, அன்று ஒட்டிய கம்பளி நூல்களில் ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தேன். எப்போதும் எங்களைப் பார்த்துப் படிந்து கிடக்கும். அது இப்போது எழுந்து, திரும்பி, முன்னால் சாலையைப் பார்த்து நீண்டது.

எவ்வளவு பெரிய மடச்சி நான். காலையில் முகத்தில் அடிக்கும் காற்று மாலையில் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் வருகிறது. இத்தனை வாரமும் அதைவிட வேகமாக ஓடி ஓடி, அதையும் எதிர்க்காற்றாகவே ஆக்கிக்கொண்டிருந்தோம். படித்த பக்கங்களில் எல்லாம் காற்று அசையாமல் நின்றது. கார் மட்டும் ஓடியது. எங்கள் ஊரில் காற்று அப்படி நிற்பதில்லை.

"ஓவர்டேக் பண்ணிரட்டா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. இதுக்குப் பொறத்தாலயே போ. இன்னும் மெதுவா."

"இன்னும் மெதுவான்னா இறங்கி நடக்கணும். நீ வீட்ல போய்ப் படுக்கண்டாமா?"

"நான் இங்கனயே படுத்துக்கிடுதேன். நீ காத்தைத் தாண்டாத."

டிரெய்லர் ஓரமாக நிற்கும் இடம் வந்ததும் நாங்களும் நின்றோம். பின்கதவை மேலே தூக்கி, பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும்படி கயிற்றால் இழுத்துக் கட்டச் சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்காமல் கட்டினாள். வால் வானத்தைப் பார்த்து நின்றது. "வருக வருக" என்று மேகங்களைக் கூப்பிட்டது. டிரெய்லர் டிரைவர் இறங்கிவந்து எங்களைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "இறக்கை எங்கிட்டல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு முடிச்சை ஒரு தடவை இறுக்கிக் கொடுத்தார்.

அதற்குமேல் முப்பந்தல்வரை காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. அம்மா காலை லேசாகத்தான் வைத்திருந்தாள். காருக்குள் சத்தமே இல்லை. காற்றோடு காற்றின் வேகத்தில் போனால் காற்று கேட்பதில்லை. காற்றாலைகளை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். கட்டம் அசையாமல் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவல்கிணற்றில் சாலை வடக்கே திரும்புகிறது. அங்கே நிறுத்திக் கதவை இறக்கி, வாலைச் சரியாக மாட்டினோம். இரண்டு கட்டம் இருந்தது. அம்மா உடனே வண்டியை எடுக்கவில்லை.

"தைக்கிற ஸ்ரீகலா வீட்ல இன்னைக்கு கரண்டு இல்லட்டி," என்றாள்.

"தெரியும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எப்பம்லேருந்து தெரியும்?"

"மூணாவது ஜாக்கெட்லேருந்து."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, வண்டியை எடுத்தாள். பணகுடி தாண்டும்போது கேட்டாள்.

"அப்பம் அன்னைக்குப் பாவாடை வெட்டினது?"

"நீ கத்தரிக்கோலைப் பிடிச்சியே. அதுக்காக."

கடைசிக் கட்டம் மினுக்க மினுக்க வீட்டு வாசலில் வந்து நின்றோம். செல்வின் அண்ணன் கடையை அடைத்துவிட்டு எங்களுக்காகக் கயிறோடு திண்டில் உட்கார்ந்திருந்தார். கயிறு தேவைப்படவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். வேறு எதுவும் எழுத இல்லை.

ஜூலை 11, வெள்ளி

முடிந்தது. மெஷினில் இருக்கும் பெண் கையைக் குலுக்கினார். உரிந்து தொங்கிய மேகத்தின் மூலையை ஒட்டிவிட்டிருந்தார்கள். அல்லது வேறு மேகத்தைப் பார்த்தேனோ.

அம்மாவோடு பின்தெருவுக்குப் போனேன். ஸ்ரீகலா அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே போகும் இடத்தில், எறும்பு ஏறாமல் இருக்க ஒரு துணியைத் திரித்து அடைத்து வைத்திருந்தார். நான் நன்றி சொல்லத் தொடங்கியதும், "ஒங்க அம்மைக்கு இனி ஜாக்கெட் தச்சா நான் பொலீஸுக்குப் போவேன்," என்றார். "பீரோ நெறஞ்சிருக்கும். வேற ஆருக்காவது தைக்கச் சொல்லுங்கோ."

அம்மா தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். மெல்லிய பருத்தி, கடலைப்பூ மஞ்சள். எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. என்னிடம் கொடுக்காமல், மேசையில் வைத்துவிட்டு வெளியே காரைப் பார்க்கப் போனாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் அளவு கொடுத்ததில்லை. தொளதொளவென்று போட்டுக்கொண்டுதான் திரிகிறேன். ஸ்ரீகலா அக்கா வாசல் திரையை இழுத்துவிட்டு, டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

"அளவு எடுக்கட்டா மக்களே?"

எடுத்தார். வலது பக்கம் எப்படி எடுத்தாரோ அப்படியே இடது பக்கமும் எடுத்தார். டேப் எங்கும் நிற்கவில்லை. சிவந்த இடத்தில் மட்டும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சாக்பீஸால் துணியில் ஒரு கோட்டைப் போட்டு, "இந்தப் பக்கம் உள்ளால கொஞ்சம் பஞ்சு வச்சுத் தச்சா சரியா இருக்கும். வேண்டாம்னா அதுவும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கும். நீங்க சொல்லுங்கோ," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. அதை அவரிடம் நேரில்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். போகும்போது எதிர்க்காற்று இருக்கும். வாலை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.